லெகிமன் தேய்த்த குச்சிகள்

லெலிடோர்ப்புக்கும் தலைநகர் பரமாரிபோவுக்கும் நடுவே ஓடுகிற பேருந்துகளில் எது லெகிமனுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மற்ற வண்டிகளில் பாட்டுப்பெட்டி காதைக் கிழிக்கும். லெகிமன் வண்டியில் பாட்டுப்பெட்டியே கிடையாது. முன்கண்ணாடிக்கு மேலே ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் துவாத்துவா என்கிற பாட்டுப் பறவை. உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்றிருக்கும்; அலகு மட்டும் வெளுத்துத் தடித்திருக்கும். பெயர் லூரா. லெகிமன் ஜாவாக்காரர்; அவர்கள் பேச்சில் லூரா என்றால் ஊர்த்தலைவர். தோரணையும் அப்படித்தான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் பாடும். பின்னால் இருப்பவன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தால் இன்னும் உரக்கப் பாடும்.

இந்த ஊரில் ஆண்பிள்ளைகள் கூண்டும் கையுமாக வேலைக்குப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வங்கிக் குமாஸ்தாவின் மேசையோரம் ஒரு கூண்டு இருக்கும், முடிதிருத்தும் கடையில் இரண்டு இருக்கும். பறவை ஆள் நடமாட்டத்தில் பழகினால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் சதுக்கத்துக் கூட்டத்தைப் பார்த்து மிரளாமல் போட்டிக்குப் பாடும். இரண்டு கூண்டுகளை எதிரெதிர்க் கம்பங்களில் மாட்டிவிட்டு, எந்தப் பறவை அதிகம் பாடுகிறது என்று கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். பத்து நிமிஷம் ஒருவரும் தும்ம மாட்டார்கள். பெண்டாட்டி பேசும்போது காட்டாத பொறுமையை அங்கே காட்டுவார்கள்.

லெகிமனுக்கு ஐம்பத்தொன்பது வயது. குள்ளமான உடம்பு, சீவிவிட்ட மீசை, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். குடியில்லை, புகையில்லை. இரண்டு பெண்களும் கல்யாணமாகி ஹாலந்தில் இருக்கிறார்கள். மனைவி துமினா வாசலில் மரவள்ளிக்கிழங்கு வறுத்து, கருவாட்டோடு சேர்த்து விற்கிறாள். மனிதருக்கு இருந்த ஒரே கர்வம் பறவை வளர்ப்பில்தான். பதினான்கு வருஷமாகத் துவாத்துவாக் கழகத்தின் செயலாளர் அவர்; போட்டிக்கு முன்னால் கூண்டுகளைச் சோதிப்பவரும் அவரே. பறவையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பதினொரு விதிகள் எழுதி, தட்டச்சு செய்து, உறை போட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தார். நாட்டுச் சட்டத்தை மீறினாலும் மீறுவார்கள், லெகிமன் விதியை மீற மாட்டார்கள்.

நாலாவது விதி குச்சியைப் பற்றியது. கூண்டில் பறவை உட்காரும் குச்சி ஒரே பருமனில், உருண்டையாக, வழவழவென்று இருக்க வேண்டும். வாரம் தவறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அவரே தேய்ப்பார். முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், மெல்லிய தாள் என்று மூன்று இருக்கும். தேய்த்து முடித்ததும் குச்சியைத் தன் கன்னத்தில் உருட்டிப் பார்ப்பார். கன்னத்துக்கு உறுத்தாதது காலுக்கு எப்படி உறுத்தும் என்பது அவர் கணக்கு. கழகத்தில் நாற்பது பேரும் சனிக்கிழமை சாயங்காலம் அதே மாதிரி உட்கார்ந்து தேய்த்தார்கள், அதே மாதிரி கன்னத்தில் உருட்டிப் பார்த்தார்கள்.

கூண்டு சிறியதாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி. அகலக் கூண்டில் விட்டால் பறவை பறந்து பறந்து தன் தெம்பை வீணாக்கிவிடும், பாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பார்.

அவர் வண்டியில் தினமும் ஏறும் மிரியெல் லாண்ட்வெல்ட் என்ற கால்நடை மருத்துவர் ஒருநாள் முன்சீட்டில் உட்கார்ந்து லூராவையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, இவன் சிறகை விரிச்சே நான் பார்த்ததில்லையே. பறக்கவே விடமாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"டாக்டரம்மா, இவன் தினமும் நூறு கிலோமீட்டர் போய் வர்றான். எந்தப் பறவைக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்" என்றார் லெகிமன்.

வண்டியே சிரித்தது. அந்தப் பதிலை அவர் ஒரு மாதம் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

செவ்தீன் விவகாரம் நடந்தது போன வருஷம் மார்ச்சில். செவ்தீன் இந்திய வம்சாவளி இந்துஸ்தானி, விமான நிலையச் சாலையில் டயர் கடை வைத்திருப்பவர். வேலை அப்படி, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் கறுப்பு போகாது. அவருடைய பறவை பகதூர் அந்த வருஷம் நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனையின்போது பகதூர் ஒற்றைக் காலில் நிற்பதை லெகிமன் கவனித்தார். கூண்டைத் திறந்து, பறவையைக் கையில் எடுத்து மல்லாத்திப் பார்த்தார். உள்ளங்கால் வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"இது அழுக்குப் புண்" என்றார் லெகிமன். சதுக்கத்தில் அத்தனை பேருக்கும் கேட்டது. "டயரைத் தொட்ட கையோட கூண்டைத் தொட்டா வேற என்ன வரும்? உன் கையைப் பாரு செவ்தீன். பறவை வளர்க்கிற கையா இது?"

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரிதான் செய்யறேன். வாரா வாரம் குச்சியைத் தேய்க்கிறேன். கால் வலிக்குதுன்னு தெரிஞ்சதிலேருந்து தினமும் தேய்க்கிறேன்" என்றார் செவ்தீன்.

"தேய்ச்சா ஆச்சா, கழுவ வேணாமா."

அவ்வளவுதான். எல்லோரும் செவ்தீன் கையைப் பார்த்தார்கள். செவ்தீனும் தன் கையைப் பார்த்தார், பிறகு அதைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அன்றே கை தூக்க வைத்துக் கழகத்திலிருந்து அவரை நீக்கினார்கள். பறவையைக் கேவலமாக வைத்திருந்ததற்காக என்று பதிவேட்டில் லெகிமன் எழுதினார். மூன்று வாரத்தில் பகதூர் செத்துப்போனது என்று செய்தி வந்தபோது, "பாவம், நல்ல பறவை" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவருக்கு அன்று ராத்திரி தூக்கம்கூட நன்றாகத்தான் வந்தது. பிற்பாடு அவரை அரித்தவற்றில் அந்தத் தூக்கமும் ஒன்று.

இந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, குச்சியை மாற்றுவதற்காகக் கூண்டைக் கீழே இறக்கினார். லூரா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. தூங்குகிறான் என்று நினைத்தார். புதுக் குச்சியை வைத்தபோது லூரா அதில் ஏறி, காலை மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் வயிற்றைக் குச்சிமேல் சாய்த்துப் படுத்தது. லெகிமன் அதைக் கையில் எடுத்து மல்லாத்தினார்.

உள்ளங்கால் வீங்கியிருந்தது. நடுவில் கறுப்பாகப் பொருக்கு.

முதலில் எழுந்த நினைப்பு பறவையைப் பற்றியது அல்ல என்பதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார். யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் முதலில் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாரம் மறைத்தார். கூண்டுக்கு வெள்ளைத் துணி போட்டு மூடி வண்டியில் தொங்கவிட்டார். பயணிகள் கேட்டதற்கு இறகு உதிர்கிற காலம் என்றார். வீட்டில் வெந்நீர் வைத்துக் கூண்டைத் தினம் மூன்று தடவை கழுவினார். தன் கையைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தோல் சிவக்கத் தேய்த்தார். குச்சியை இன்னும் மெல்லிய தாள் வாங்கி வந்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் புண் பெரிதாயிற்று.

"ஏங்க, உங்க கையில அப்படி என்னதான் ஒட்டியிருக்கு?" என்று கேட்டாள் துமினா. அவர் நாரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் துணி மூடிய கூண்டோடு மிரியெலின் மருத்துவ நிலையத்துக்குப் போனார். அவள் லூராவை ஒரு துண்டில் சுற்றி, விளக்கடியில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். குச்சியை எடுத்து விரலால் தடவினாள்.

"அழுக்குதானே டாக்டரம்மா?" என்றார் லெகிமன்.

"அழுக்கா? என் ஆபரேஷன் மேசையைவிட உங்க கூண்டு சுத்தமா இருக்கு."

"இல்ல, வண்டியில வர்ற தூசி. டீசல் புகை. அதுல ஏதாவது..."

"தூசியும் இல்ல, புகையும் இல்ல. இந்தக் குச்சிதான்." அவள் குச்சியை மேசைமேல் உருட்டிவிட்டாள். "ஒரே பருமன், ஒரே வழவழப்பு. ராத்திரி பகலா உள்ளங்கால்ல ஒரே இடத்துல மொத்தக் கனமும் விழுது. மரத்துக் கிளையில உட்கார்ந்தா ஒருநாள் மெலிசு, ஒருநாள் தடிப்பு, பட்டை சொரசொரன்னு இருக்கும். காலும் பிடியை மாத்திக்கிட்டே இருக்கும். பறக்க இடம் இருந்தா அந்த நேரமாவது காலுக்கு ஓய்வு. இவனுக்கு இந்தச் சின்னக் கூண்டுல உட்கார்றதைத் தவிர வேற வேலையே இல்லையே."

லெகிமன் நின்றபடியே இருந்தார். அழுக்காக இருந்துவிடக் கூடாதா என்று அவர் மனம் கெஞ்சியது. தன் கை அழுக்கு என்று அவள் சொல்லியிருந்தால் அவள் கையைக் கும்பிட்டிருப்பார்.

"புண்ணு வந்தப்புறம் இன்னும் வழவழன்னு தேய்ச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"சீக்கிரம் சாகும்" என்றாள் அவள், மருந்தைத் தேடிக்கொண்டே.

அவள் களிம்பு கொடுத்தாள், கட்டுப் போட்டாள். கூண்டுப் பறவைகளை எப்படி வைக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் அச்சடித்த தாளும் கொடுத்தாள். சிறகு இரண்டையும் விரித்துப் பறக்கிற நீளத்துக்குக் கூண்டு. வெவ்வேறு பருமனில் பட்டையோடு கிளைகள். குளிக்கத் தட்டில் தண்ணீர். ஒதுங்கி நிற்க ஒரு மறைவு. வண்டியில் உட்கார்ந்து லெகிமன் அதைப் படித்தார். தன் பதினொரு விதிகளில் எது தேறும் என்று பார்த்தார். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது மட்டும் தேறியது.

வீட்டில் ஆள் உயர நீளத்துக்குக் கூண்டு அடித்து, கொல்லைக் கொய்யாவிலிருந்து கோணல்மாணலாய்க் கிளைகள் வெட்டி மாட்டினார். லூராவை அதில் விட்டார். அது ஒரு மூலைக்குப் போய், பழைய கூண்டு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இடத்துக்குள்ளேயே நின்றது. ஒருநாள், இரண்டு நாள் அல்ல, ஒன்பது நாள். மீதி இடம் அதற்குத் தெரியவே இல்லை. துமினா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு தோள்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லெகிமன் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போனார்.

கழகத் தலைவர் ஹெஸ்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். ஹெஸ்டி ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல், முடிதிருத்தும் கடைக்காரர், மலை போன்ற ஆள், யாரையும் தட்டிக்கொடுத்தே காரியம் சாதிப்பவர். லெகிமன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன, விதியை மாத்தணும். மாத்திடு. புதுத் தரம்னு ஒரு தலைப்புப் போட்டு அடிச்சுக் குடு. எல்லாரும் கேப்பாங்க."

"செவ்தீன்?"

"செவ்தீனை எதுக்கு இழுக்கிற? அந்த ஆளே மறந்திருப்பான். நீ கிளறினா உன் பேரும் நாறும், கழகத்துப் பேரும் நாறும்."

லெகிமன் ஒத்துக்கொண்டார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர் ஒத்துக்கொண்டார். புதுத் தரம் என்று தட்டச்சு செய்து இரண்டு ஞாயிறு விநியோகித்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. "செயலாளர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். அந்த வார்த்தை அவருக்கு முள்ளாகக் குத்தியது. செவ்தீனை நீக்கிய அன்றும் இதைத்தானே சொன்னார்கள்.

அந்த இரண்டாம் ஞாயிறு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் துமினா சொன்னாள்: "டயர் கடைக்காரர் சம்சாரம் இருக்கே, சந்தையில என்னைப் பார்த்தா இப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிடுது. அது தப்பு பண்ணின மாதிரி. நான் அதைக் கூப்பிட்டு என்னன்னு சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

செவ்தீன் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்து வைத்திருந்தார். முன்பெல்லாம் ஞாயிறு மூடியிருக்கும். லெகிமனைப் பார்த்ததும் வண்டியில் பஞ்சரோ என்று நினைத்து டயரைத்தான் முதலில் பார்த்தார். லெகிமன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லூராவின் காலை, மருத்துவர் சொன்னதை, குச்சியை. சுற்றி வளைக்கவில்லை.

"உன் கையில தப்பு இல்ல செவ்தீன். என் விதியிலதான் தப்பு."

செவ்தீன் ஒரு பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்தார்.

"அன்னியிலேருந்து நான் எந்தப் பறவையையும் தொடலண்ணே. கடைக்கு வர்ற ஆளுங்க கூண்டை என் மேசைமேல வெச்சாக்கூட, அந்தப் பக்கம் தள்ளி வையுங்கன்னுதான் சொல்வேன். எம்மேல எனக்கே நம்பிக்கை இல்லாம போச்சு." துணியைக் கீழே போட்டார். "அழுக்கு இல்லையா அப்போ?"

"இல்ல."

"நான் தினமும் தேய்ச்சேனே. அவன் நொண்ட நொண்ட, பாவம் வலிக்குமேன்னு இன்னும் நைசாத் தேய்ச்சேன். கடைசி வாரம் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

ஒரு பாரத்தை இறக்கி வைக்க வந்த இடத்தில், அந்த மனிதர் தலையில் இன்னொன்றை ஏற்றியிருக்கிறோம் என்று லெகிமனுக்குப் புரிந்தது. அழுக்கால் செத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது தெரிந்தது, தன் அன்பாலேயே, தன் கையாலேயே செத்தது என்று. இப்படி ஒரு உண்மையை யார் கேட்டார்கள் என்று தன்னையே வைதுகொண்டார்.

"மன்னிச்சுடு செவ்தீன்."

"இங்க எதுக்குச் சொல்றீங்க? இங்க யார் இருக்கா?" என்றார் செவ்தீன். குரலை உயர்த்தவில்லை. "அங்க சொன்னீங்கல்ல. அங்க சொல்லுங்க. அதே சத்தத்துல."

அடுத்த ஞாயிறு காலை சதுக்கத்தில் கம்பங்கள் நட்டு, கரும்பலகை வைத்து, எல்லோரும் கூடியாயிற்று. ஹெஸ்டி வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினார். லெகிமன் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். சதுக்கத்து ஓரம், தன் மொபெட்டின்மேல் சாய்ந்துகொண்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமல் செவ்தீன் நிற்பது தெரிந்தது.

அதே சத்தத்தில் சொன்னார். பகதூர் செத்தது அழுக்கால் அல்ல, நாலாவது விதியால். அந்த விதி என்னுடையது. இந்த மனிதர் கையைக் காட்டி நான் சொன்னது பொய். லூராவுக்கும் இப்போது அதே புண். அவன் காலில் ஒரு விரல் போய்விட்டது. உங்கள் பறவைகளையும் கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்தார்கள். கூண்டுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன, பறவைகள் மல்லாந்தன. ஏழு பேர் முகம் மாறியது. இரண்டு பேர் கூண்டைக் கம்பத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"செவ்தீனுக்கு என்ன எழுதினேனோ, அதையே எனக்கும் எழுதணும். பறவையைக் கேவலமா வெச்சிருந்ததுக்காக என்னையும் நீக்கணும். நீக்கணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் லெகிமன்.

ஹெஸ்டி வந்து அவர் தோள்மேல் கையைப் போட்டார். "என்னய்யா நீ. தப்பு செய்யாத மனுஷன் யாரு? நல்லதுன்னு நினைச்சுத்தானே சொன்ன." அது போதும், எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. செயலாளர் ஒத்துக்கொண்டாரே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்றார் ஒருவர். அவரே எவ்வளவு நொந்துபோயிருக்கிறார் பாருங்கள் என்றார் இன்னொருவர். பறவையின் காலில் புண்ணைக் கண்டவர்கூட வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஒரு குவளை காபியைக் கையில் திணித்தார்கள். ஒரு கைகூட உயரவில்லை.

"செவ்தீன், நீயும் வாப்பா. மறுபடி சேர்ந்துக்கோ, இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே" என்று ஹெஸ்டி ஓரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"எந்தப் பறவையைத் தூக்கிட்டு வர?" என்றார் செவ்தீன்.

முதல் ஜோடிக் கூண்டுகளைக் கம்பத்தில் மாட்டுவதற்காகக் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. லெகிமன் காபியைக் கையில் வைத்துக்கொண்டே மொபெட் நின்ற இடத்துக்குப் போனார். நின்றார். செவ்தீன் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, வண்டியை உதைக்கப் போனவர், காலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு கைகூடத் தூக்கலண்ணே. எனக்கு எத்தனை கை தூக்கினாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தொண்ணு" என்றார் லெகிமன். அன்று எண்ணியவர் அவர்தான்.